எண்டரில் உடைந்த சூத்திரம்

நளீமின் கேட் பாஸைப் பறித்துக்கொண்டு முகாமையாளர் நேரே என் மேசைக்கு வந்தார். துறைமுகத்து உரக் களஞ்சியத்தில் எடைக் கணக்கு என் பொறுப்பு. நளீம் கிண்ணியாவிலிருந்து வரும் லொறிச் சாரதி.

"கப்பல் ஜெட்டியில எட்டு லோட் ஏத்தினவர். இஞ்ச வந்தது ஒரு லோட்டின்ர எடைதான். மிச்சம் எங்க? பிரிண்ட் எடுத்து சைன் பண்ணும், மிஸ்."

என் கையெழுத்து விழுந்தால் நளீமுக்குத் துறைமுகத்தில் இனி ஓட்டம் இல்லை.

"ஏலாது சேர். முதல்ல ஷீட்டைப் பாக்கோணும்."

எக்செல் ஷீட்டில் நளீமின் மொத்த எடை நிற்கும் கட்டத்தில், அந்தச் செல்லில், கர்சரை வைத்து மேலே ஃபோர்மியூலா வரியைப் பார்த்தேன். பல வரிகளை ஒன்றாகக் கணக்கிடும் என் அரே ஃபோர்மியூலாவின் இரு பக்கமும் நிற்க வேண்டிய நெளிந்த அடைப்புக்குறிகளைக் காணவில்லை. எங்கள் எக்செல் பழையது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த லொறியின் எல்லா வரிகளையும் கூட்டும். வெறும் எண்டர் தட்டினால் தன் வரியை மட்டும் பார்க்கும். பிழை என்று ஒரு சத்தமும் போடாது. முகாமையாளருக்கோ செல் செல்லாகத் திறந்து பார்த்து எண்டர் தட்டுகிற பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்லைத் திறந்து மூன்று விசைகளையும் அழுத்தினேன். எட்டு லோடும் வந்தது.

"நீர் இப்ப மாத்திப்போட்டீர்."

லொறிகளை நிறுக்கும் எடைப்பாலத்தின் துண்டுச் சீட்டுகளை அள்ளி வைத்து, அவர் கண் முன்னே கல்குலேட்டரில் கூட்டினேன். அதே எடை. வாசலில் நின்ற நளீமிடம் பாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

உடனே ஃபோர்மியூலாவை, எக்செல்லில் பெயர் சூட்டிச் சேமிக்கும் நேம் மனேஜருக்குள் 'லொறிஎடை' என்ற பெயரில் வைத்து, செல்லில் அந்தப் பெயரை மட்டும் எழுதினேன். பெயருக்குள் இருந்தால் எக்செல் அதை அரேயாகவே கணக்கிடும். ஒன்று கவனம்: பெயர் வைக்கும்போது கர்சர் சரியான வரியில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த லொறியின் எடையைக் காட்டும்.

"செல்லில ஒண்டையும் காணேல்ல. மறைக்கிறீரோ? அழிச்சுப்போடும் அதை!"

"அழிக்கமாட்டன் சேர். எத்தினை தரமும் எண்டர் தட்டுங்கோ, இனி உடையாது."

நளீம் இன்னும் வாசலில் நின்றார். "கேட் புத்தகத்தில களவு எண்டு எழுதியிருக்கு மிஸ். அதை ஆர் வெட்டுறது?"

புத்தகத்தை எடுத்து வந்து முகாமையாளர் முன் விரித்தேன். வெட்டிவிட்டு, 'கணினிப் பிழை' என்று எழுதினார்.

"கணினி தன்ரபாட்டில எண்டர் தட்டாது சேர். தட்டின ஆளின்ர பேரை எழுதுங்கோ."

முறைத்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் தன் பெயரை எழுதினார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, செல்லைத் திறந்து பார்த்தால் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். யார் சொன்னாலும், சரியென்று தெரியாமல் பேனையைத் தொடாதீர்கள். அன்று நான் தொட்டிருந்தால் நளீம் இன்றைக்கும் கள்ளன்தான்.