பதினெட்டாவது பதிவு

இது கட்டுக்கதை இல்லை. ஜொய்சி வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொன்னது. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரவேண்டும், நாய் ஊளையிடவேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இது பட்டப்பகலில், உடுவிலில், மின்விசிறிக்குக் கீழே நடந்தது. சரியாகப் பின்னேரம் 3.12க்கு.

ஜொய்சிக்கு இருபத்தொன்பது வயது. இறந்தவர்களுக்கு நினைவு அட்டை அடிக்கும் ஓர் அச்சகத்தில் கணினி வேலை. இப்போதெல்லாம் அட்டையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் போடுகிறார்கள். அதற்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால் இறந்தவரின் குரல் கேட்கும். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுவார்கள்.

குருநகர் செபநாயகம் அதற்காகத்தான் வந்தார். கடற்றொழில் செய்கிறவர், அறுபதைத் தாண்டியவர். மனைவி மார்கிரட் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மெமரி கார்ட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பதினேழு பதிவு இருக்குது, பிள்ளை. தொண்டை ஒப்பரேசனுக்கு முதல் பிடிச்சது. அதுக்குப் பிறகு அவவுக்குக் குரல் இல்லை. என்னட்டை வேறை ஒண்டும் இல்லை. இதுதான்."

ஜொய்சி பதினேழையும் கணினிக்கு மாற்றினாள். பிரதி எடுக்கவில்லை, வெட்டி ஒட்டினாள். அது அவளுடைய கெட்ட பழக்கம். கார்ட் வெறுமையாயிற்று. மார்கிரட்_1 முதல் மார்கிரட்_17 வரை பெயர் வைத்தாள். கணினியில் அதே இடத்தில் இன்னொரு மார்கிரட்டும் இருந்தார், உடுவிலில் இளைப்பாறிய ஓர் ஆசிரியை. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் மார்கிரட்டுகளுக்கு என்ன பஞ்சம்? ஆசிரியையின் அட்டை அடித்து முடிந்துவிட்டது. அவருடைய ஒன்பது படங்களை மட்டும் அழிக்கவேண்டும்.

அழிக்கும் வேலைக்கு ஜொய்சி தானே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். அதற்குள் கோப்புகளைத் தேடித் தரும் ஒரு கட்டளை உண்டு. அதற்கு நான்கு விடயங்கள் சொல்லவேண்டும். எந்தப் பெயரைத் தேடுவது. எப்படித் தேடுவது. தடங்கல் வந்தால் யாருக்குச் சொல்வது. கிடைத்ததை எங்கே வைப்பது. பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், அந்தப் பெயரில் தொடங்கும் அத்தனையும் வந்து நிற்கும். மூன்றாவதை வெறுமையாக விடலாம். விட்டால், என்ன தடங்கல் வந்தாலும் அது வாயே திறக்காது. ஜொய்சி எப்போதும் வெறுமையாகத்தான் விடுவாள்.

அன்று 'மார்கிரட்' என்று அடித்து நட்சத்திரத்தைப் போட்டாள். திரையில் வந்தது: 26 கோப்புகள். அழிக்கவா?

ஒன்பது வரவேண்டிய இடத்தில் இருபத்தாறு. அவள் கண்டாள். நன்றாகவே கண்டாள். மணி 4.55. ஐந்து மணி பஸ் போய்விடும். ஏதாவது பழைய குப்பையாக இருக்கும் என்று நினைத்து 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

செபநாயகத்தின் பதினேழும் சேர்ந்து போனது மறுநாள் காலை விளங்கிவிட்டது. அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. செபநாயகம் வந்து முன்னால் நின்றபோது வாயில் பொய்தான் வந்தது.

"கார்ட் பழுது, அங்கிள். உள்ளுக்கை ஒண்டும் இருக்கேல்லை."

அவர் கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ரை பிழைதான். கடல் ஈரம் பட்டிருக்கும். உன்னையும் கரைச்சல்படுத்திப்போட்டன், பிள்ளை."

இரண்டு நாள் கழித்து, அந்தக் கரைச்சலுக்காக ஒரு பை நண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஜொய்சி வாங்கினாள். அம்மா குழம்பு வைத்தாள். இவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த திங்கட்கிழமை. எல்லாம் அழிந்ததுதானா என்று பார்க்க அதே பெயரை மறுபடி தேடினாள்.

1 கோப்பு.

ஜொய்சி பயப்படவில்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டால் கேட்ட பெயரையே திருப்பித் தரும்படி அந்தக் கட்டளைக்குச் சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லி வைத்துவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை.

கோப்பின் பெயரைப் பார்த்தாள். மார்கிரட்_18.

பதினேழுதான் இருந்தது... பதினெட்டு எங்கிருந்து வந்தது?

அளவு பூச்சியம். பதிவான நேரம், அன்றைய திகதி, 3.12.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். 3.11.

உடனே அதை அழித்தாள். செவ்வாய்க்கிழமை தேடினாள். 1 கோப்பு. அதே பெயர். 3.12. அழித்தாள்.

புதன்கிழமை, சரியாக 3.12க்கு, அதைத் திறந்தாள்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு...

டொக்... டொக்... டொக்.

பலகையில் விரலால் தட்டும் சத்தம். குரல் இல்லை. மூச்சுக்கூட இல்லை.

ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

டொக்... டொக்... டொக்.

சத்தம் மேசைக்குக் கீழிருந்து வந்தது.

குனிந்து பார்த்தாள். அவளுடைய கால்கள் மட்டும்தான்.

அன்று நாலரைக்கே அவள் குருநகரில் நின்றாள். செபநாயகம் முன்னறையில் கிடந்த பலகைக் கட்டிலைக் காட்டி இருக்கச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றப் போனவரை மறித்து, நின்றபடியே தொடங்கினாள்.

"கார்ட் பழுதில்லை, அங்கிள். நான் பொய் சொன்னனான். பதிவு எல்லாம் அழிஞ்சுபோச்சு."

அவர் சுவரில் இருந்த மார்கிரட்டின் படத்தைப் பார்த்தார். ஜொய்சி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுதழுது மேசைக்குக் கீழே கேட்ட சத்தத்தையும் சொன்னாள். அப்போதுதான் அவர் திரும்பினார்.

"எத்தினை தரம் தட்டினது?"

"மூண்டு."

செபநாயகம் மெல்லக் கதிரையில் அமர்ந்தார்.

"குரல் போனாப் பிறகு அவ தட்டித்தான் என்னோடை கதைக்கிறவ. ஒண்டு, தண்ணி. ரெண்டு, கிட்ட வா. மூண்டு..." அவர் நிறுத்தினார். "டொக்டர் சொன்னதை நான் மறைச்சனான். அவ கண்டுபிடிச்சிட்டா. மூண்டு தரம் தட்டினா. நான் உண்மையைச் சொல்லும் வரைக்கும் தட்டினா. நீ இருக்கிற கட்டில்தான்."

ஜொய்சிக்கு எழும்ப வேண்டும்போல இருந்தது. எழும்பாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. எனக்கும் அவவுக்கும் மட்டும்தான்." அவர் முகத்தைத் துடைத்தார். "சரி. எப்படி அழிஞ்சது?"

"நான் எழுதின புரோகிராம், அங்கிள். அது தன்பாட்டிலை அழிச்சுப்போட்டுது. எனக்குத் தெரியாமல்..."

டொக்.

அவளுக்குக் கீழே.

டொக்.

செபநாயகத்தின் இரண்டு கைகளும் அவருடைய மடியில்தான் இருந்தன.

டொக்.

"இருபத்தாறு எண்டு கண்டனான், அங்கிள்!" ஜொய்சி கத்திவிட்டாள். "ஒன்பதுதான் வரவேணும். கண்டனான். பஸ்ஸுக்கு நேரமெண்டு... கண்டுகொண்டுதான் அமத்தினனான்."

தட்டல் நின்றுவிட்டது.

செபநாயகம் எழுந்து வந்தார். அவளைப் பார்க்கவில்லை. குனிந்து, கட்டில் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போதும், மார்கிரட். பிள்ளை சொல்லிப்போட்டுது."