கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம் கூட்டணி

புளியறையில் என் பரோட்டாக் கடையிலிருந்து ஒரு மலை ஏற்றம் ஏறினால் கோட்டைவாசல். அதோடு தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்கிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் நானும் என் தங்கை புருஷனும் கூட்டாளிகள். அந்தப் பக்கம் எதிரிகள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. போன நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இது நடந்தது.

நான் ஒரு கட்சியில் கிளைத் தலைவர். அவர் வேறொரு கட்சியில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில், கிளைச் செயலாளர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். டெல்லியில் இத்தனை வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களை இறக்க வேண்டும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். அதற்காகத்தான் தமிழ்நாட்டில் இரண்டு கட்சியும் ஒரே கூட்டணியில் இருந்தன. மலை ஏறினால் அதே இரண்டு கட்சியும் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்கும். "டெல்லியைத் தோற்கடிக்க எங்களுக்கே போடுங்கள்" என்று இரண்டுமே கேட்கும்.

கடைக்கு வருகிற லாரி டிரைவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"அண்ணாச்சி, லோடு ஏத்துன வண்டியே மேல வரைக்கும் போயிருது. உங்க கூட்டணி மட்டும் பாதி மலையில நின்னுருதே?"

"வாயை மூடிட்டுத் தின்னும்வே" என்பேன்.

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டணிக் கூட்டம் நடந்தது. மேடையில் எல்லாக் கட்சிக்காரர்களும் கையைக் கோத்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நான் அதை நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். ஊருக்கு வந்ததும் தங்கை புருஷனுக்குப் போன் போட்டேன். புளியறையில் தெருமுனைக் கூட்டம் வைத்திருந்தோம். அவர் பேசினால் கூட்டம் அசையாமல் நிற்கும்.

"வந்து அஞ்சு நிமிசம் பேசிட்டுப் போரும் மாப்ளே."

"வேண்டாம் மச்சான். எங்க ஆளுக பாத்தா வம்பாயிரும்."

"என்ன வம்பு? உம்ம கட்சிக்காரரும்தானே தென்காசி மேடையில கையைத் தூக்கிக்கிட்டு நின்னாரு?"

அவருக்கு விருப்பமே இல்லை. நான்தான் விடவில்லை. வந்தார். அஞ்சு நிமிஷம் என்றது அரை மணி நேரம் ஆனது. டெல்லியைக் கிழித்துத் தொங்கவிட்டார். என் கடை வாசலில் அவருக்குப் பொன்னாடை போட்டு, இரண்டு கட்சிக் கொடியும் பின்னால் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தோம். அதை நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பெருமை தாங்காமல் நானே வைத்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் போட்டோ ஆரியங்காவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. டெல்லியில் ஆளுகிற கட்சிக்காரர்கள் அதை எடுத்து, "இவர்கள் சண்டை எல்லாம் நாடகம், இதோ சாட்சி" என்று மலையாளத்தில் எழுதிச் சுற்றவிட்டிருந்தார்கள்.

தங்கை போனில் அழுதாள். "அண்ணே, என்ன வேலை பாத்து வச்சிருக்க? இவியளைக் கட்சி ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காவ. பொறுப்பை எடுத்துருவாவளாம்."

அந்தப் பொறுப்பில் சம்பளம் கிடையாது. ஆனால் ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி, தோட்டத்து முதலாளியோடு தகராறு, எதுவானாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்துச் சனம் அவரிடம்தான் வரும். இருபது வயதில் கட்சிக்குப் போனவர். அது இல்லையென்றால் அவர் மரத்தைச் சீவுகிற கூலியாள், அவ்வளவுதான். "பொறுப்பு போச்சுன்னா இந்த மனுசன் வீட்டை விட்டே இறங்க மாட்டாவ" என்றாள் தங்கை. அவள் சொன்னது சரி.

ஸ்டேட்டஸை அழித்தேன். அழித்து என்ன பிரயோசனம்? கடையை மனைவியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி அவர்கள் கட்சி ஆபீசுக்கே போனேன். தப்பு என்மேல்தான், அவரை விட்டுவிடுங்கள் என்றேன். அங்கிருந்த பெரியவர் மரியாதையாக உட்காரவைத்து, பால் இல்லாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார்.

"சேட்டா, அவிடத்தெ காரியம் வேற. இவிடத்தெ காரியம் வேற."

அங்கே வேறு, இங்கே வேறாம். எனக்குக் கோபம் வந்தது. "டெல்லியில உங்க தலைவரும் எங்க தலைவரும் ஒரே சோபாவுல உக்காந்திருக்க போட்டோ பேப்பர்ல வருது. அது குத்தம் இல்ல. என் கடை வாசல்ல எடுத்ததுதான் குத்தமோ?"

"அது டெல்லி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வெளியே பஸ் ஸ்டாப்பில் என் கட்சியின் அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கட்சிச் செயலாளரான என் மாப்பிள்ளையே உள்ளுக்குள் நம் பக்கம்தான் என்று நான் ஒரு வீடியோ பேசித் தர வேண்டுமாம். அங்கே நம் ஓட்டு ஏறுமாம். நடுரோடு என்றும் பார்க்காமல் கெட்ட வார்த்தையில் திட்டி அனுப்பினேன். திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். போட்டோவைச் சுற்றவிட்டவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்கள்மேல் அந்த ஆபீசிலும் யாருக்கும் கோபம் இல்லை, பஸ் ஸ்டாப்பிலும் யாருக்கும் கோபம் இல்லை.

அன்று சாயங்காலம் தங்கை புருஷனே பைக்கில் கடைக்கு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார்.

"ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க மச்சான். நான் உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தேன்னு. கூட்டத்துக்கு வரலைன்னு. நீங்களாத்தான் தோள்ல துணியைப் போட்டு போட்டோ எடுத்தீங்கன்னு."

"நீரு பேசுனதை ஊரே கேட்டுச்சேவே."

"நெசம் அவங்களுக்கும் தெரியும். ஃபைல்ல வைக்க ஒரு காகிதம் வேணும், அவ்வளவுதான்."

கட்சிக்காரனாக நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அந்தக் கூட்டம்தான். அது நடக்கவே இல்லை என்று நானே எழுத வேண்டும். எழுதினேன். அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கோவப்படாதீங்க மச்சான்" என்றார். யார்மேல் கோபப்படுவது?

பொறுப்பு தப்பியது. ஒரு நிபந்தனையோடு. கோட்டைவாசலில் அவர்கள் போடுகிற கூட்டத்தில் என் கட்சியை எதிர்த்து அவர் பேச வேண்டும். எங்களுக்கு ஓட்டுப்பதிவு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவர்களுக்கு. அந்த இடைப்பட்ட நாளில் கூட்டம். விரலில் மை அழியாமல் நானும் போனேன். போகாதீங்க என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை. வரிசையாக நின்ற லாரிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

புளியறையில் பேசிய அதே குரல்தான். அதே மாதிரி விரலை ஆட்டித்தான் பேசினார். என் கட்சிக்காரர்களை நம்பி ஓட்டுப் போட்டால், ஜெயித்த மறுநாளே டெல்லிக்காரனிடம் விலை போய்விடுவார்கள் என்றார். முதுகெலும்பு இல்லாதவர்கள் என்றார். பாதி பேச்சு மலையாளம், பாதி தமிழ். தமிழில் பேசியது எனக்குத்தான் என்று தோன்றியது. ஆளுகிற கட்சியைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி சொன்னார். அதற்குக் கைதட்டல்கூட இல்லை.

பக்கத்தில் நின்ற டிரைவர் என் கடையில் சாப்பிடுகிறவன். "அண்ணாச்சி, உங்க மாப்பிள்ளை நல்லாத்தான் கிழிக்காரு" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்" என்று நகர்ந்துபோனான்.

பேசி முடித்து இறங்கினார். ஆட்கள் சூழ்ந்துகொண்டு தோளில் தட்டினார்கள். அந்தத் தலைகளுக்கு நடுவில் அவர் என்னைப் பார்த்துவிட்டார். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கூப்பிடலாம் என்று கையைத் தூக்கினேன். எதிரே ஒருவன் படம் எடுக்கப் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். எந்தக் கட்சிக்காரனோ, தெரியவில்லை.

கையை இறக்கிக்கொண்டு, மலை இறங்குகிற பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போனேன்.