இருபத்து நான்கு பேருக்கு மருந்து

அம்மா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். பெரும்பாலும் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் செய்வேன். இந்த ஒரு முறை தயவுசெய்து உட்கார்ந்து படித்துவிடுங்கள். உங்களிடம் நான் சொன்ன ஒரு பொய்யை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது மணிமங்கலத்தில், ஐந்து பெண்களில் மூன்றாவதாக. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் அப்பாவைக் கைப்பிடித்து சுங்குவார்சத்திரம் வந்தார். அப்பா லாரி ஓட்டினார். நான் ஐ.டி.ஐ. இரண்டாம் வருடம் படித்தபோது மாரடைப்பில் போய்விட்டார். அதற்குள் எங்கள் ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்திருந்தன. அம்மா மாடியிலும் பின்கட்டிலுமாக ஆறு அறைகள் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார். ஒரகடத்தில் உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை கிடைக்கும்வரை அந்த அறைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அம்மா பொறுமையானவர் என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். யாராவது தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தால் அவர் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். ஆனால் யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு ஓ.டி., எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாப்பிடாமல் பஸ் ஏறப் போகிற பிள்ளையை வாசலில் நிறுத்தி, டப்பாவில் இட்லி வைத்துக் கொடுப்பார். கொடுக்கும்போதும் திட்டுவார்.

அந்த அறைகளில்தான் சிரங்கு வந்தது. விளாத்திகுளம் பக்கத்துப் பெண் முத்துச்செல்விக்கு முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. கம்பெனி லைனில் சொறிந்ததை சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, ஆறிய பிறகு வா என்று அனுப்பிவிட்டார். காண்ட்ராக்ட் வேலையில் அப்படிப் போகிறவர்கள் பல நேரம் திரும்பக் கூப்பிடப்படுவதில்லை. அதைப் பார்த்த மற்ற பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் யாருக்கும் தெரியாமல் மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான்கு நாள் அடங்கும், பிறகு மறுபடியும் வரும்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். அறைக்கு நான்கு பேர், பாய் இரண்டு. இரண்டு பேர் வேலைக்குக் கிளம்பினால் வேலை முடித்து வருகிற இரண்டு பேர் அதே பாயில், அதே போர்வைக்குள் படுப்பார்கள். ஷிப்ட் மாறும், பாய் மாறாது. அம்மா தாமாகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னார். இது தோலுக்குள் குடியிருக்கும் பூச்சி, எல்லோரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை லோஷன் தடவி, துணிமணியை எல்லாம் வெந்நீரில் போட்டால்தான் போகும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை தடவ வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

மூன்று ஷிப்டில் வேலை பார்க்கும் இருபத்து நான்கு பேர் ஒரே நாளில் வீட்டில் இருப்பது வருடத்தில் ஒரு நாள்தான், ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் எல்லா லைனும் நிற்கும். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அம்மா எல்லோரையும் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு நாள் கழித்துப் போங்கள் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெண் அழுதாள்.

"போங்கடி, போங்க. உங்க தம்பி தங்கச்சிக்கும் இத்த எட்த்துக்கினு போய்க் குடுங்க" என்றார் அம்மா. அதற்குப் பிறகு பஸ் டிக்கெட்டை எல்லாம் மாற்றிக்கொண்டார்கள்.

மருந்துக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று நர்ஸம்மா கேட்டிருந்தார். பட்டியலை எழுதியது நான். அறை வாரியாக எழுதினேன், அறைக்கு நான்காக ஆறு அறை. மாதச் சோதனையில் நான் தயாரிக்கிற தாள் மாதிரி சுத்தமாக இருந்தது. அறை எண் போடாத இடம் எங்கள் கீழ்வீடு மட்டும்தான். அதில் அம்மாவும் நானும் இருந்தோம்.

ஆயுத பூஜை அன்று காலையில் நர்ஸம்மா லோஷனோடு வந்தார். பிள்ளைகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்திக்கு ஒருத்தி முதுகில் தடவிவிட்டார்கள். சாயங்காலம் வரை குளிக்கக்கூடாது, கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். அதனால் அம்மா பூஜையில் வைத்த பொரிகடலையைக் கிண்ணத்தில் போட்டு ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்தார். பொரியை ஸ்பூனில் தின்கிற கூத்தை எங்கள் வீட்டில்தான் பார்த்திருக்க முடியும். அந்த நேரத்தில் அம்மா ஒரு காரியம் செய்தார். இருபத்து நான்கு பேரின் போர்வைகளையும் பாய்களையும் தாமே மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாக உதறி, போர்வைகளை அண்டாவில் கொதிக்கும் தண்ணீருக்குள் போட்டார். பாய்களை வெயிலில் விரித்தார். யாரையும் தொடவிடவில்லை, லோஷன் போய்விடுமாம்.

"நீங்க தேச்சியளாம்மா?" என்று முத்துச்செல்வி ஒருத்திதான் கேட்டாள்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான் இன்னா உங்க பாய்லயா படுத்துக்கினு கீறேன்?"

நர்ஸம்மா பெட்டியை மூடும்போது, "கூட ரெண்டு பாட்டில் எடுத்தாந்தேன், வெச்சுக்குங்க சார், யாருக்காவது வேணும்" என்றார். பட்டியலில் இருபத்து நான்கு பேர்தான், எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லி நான் திருப்பிக் கொடுத்தேன். அம்மாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ஊரிலிருந்து திரும்பி இரண்டாம் தடவையும் தடவிக்கொண்டதும் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட முத்துச்செல்வி வேறு கம்பெனியில் சேர்ந்தாள். பொங்கல் கழித்து அம்மாவுக்கு அரிக்க ஆரம்பித்தது. அம்மாவுக்குச் சர்க்கரை பல வருடமாக உண்டு. சர்க்கரை இருந்தால் அரிக்கத்தான் செய்யும் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். எனக்கும் லேசாக அரித்தது. மெஷினில் ஊற்றும் கூலண்ட் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மெடிக்கலில் கேட்டு நான் வாங்கி வந்த களிம்பு அரிப்பை நன்றாக அடக்கியது. அரிப்பு குறைந்ததால் குணமாகிறது என்று நம்பி, தீரத்தீர வாங்கி வந்தேன். அந்தக் களிம்பு அரிப்பை மட்டும் அமுக்கிவிட்டுப் பூச்சியை வளரவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். வைகாசியில் மணிமங்கலத்தில் நடந்த சித்தி மகள் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. பெரியம்மாக்காரி வந்து நிற்கவில்லை, வாடகை வருகிற திமிர் என்று பேசிக்கொண்டீர்கள். பி.பி., தலைசுற்றல் என்று நான் சொன்னேன். அம்மா அன்று வந்தார். மண்டப வாசல் வரை காரில் வந்தார். உள்ளங்கை அதற்குள் தடித்து வெடித்திருந்தது. அந்தக் கையால் பெண்ணுக்கு வாங்கிய புடவையை நீட்ட முடியாது, நான்கு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று உள்ளே வர மறுத்தார். முகூர்த்த மேளம் கேட்கும்வரை காருக்குள்ளேயே இருந்தார். புடவையை என்னிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. சித்தி, அம்மாவுக்குத் திமிர் இல்லை. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் காய்ச்சல் வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். கை, கால், தலை எல்லாம் செதில் செதிலாகக் கெட்டியாகிவிட்டிருந்தது. தோல் டாக்டர் உள்ளங்கையைச் சுரண்டி எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். பூச்சி அசைந்தது. நிறைய இருந்தன.

"இது சர்க்கரை இல்லப்பா, சிரங்கு. முத்திப் போய் இப்படி ஆயிடுச்சு. இதுக்கு முன்னாடி வீட்ல யாருக்காவது வந்துச்சா?"

ஆயுத பூஜையைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அம்மா செய்ததைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அன்னிக்கு இவங்களுக்குப் போட்டீங்களா?"

"லிஸ்ட்ல இல்லீங்க டாக்டர்."

அவர் ஃபைலில் ஏதோ எழுதினார். அன்றே மாத்திரையும் லோஷனும் தொடங்கினார்கள். ஆனால் வெடிப்புகள் வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. எட்டாம் நாள் மதியம், சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்துகொண்டிருந்தபோது, அம்மா போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வண்டிக்கு வழிவிட்டு நின்றேன். இன்றுவரை வரவில்லை. யாராவது கேட்டால் நேரமில்லை என்கிறேன்.

வீட்டில் கிடத்தியபோது தொற்று என்று கேள்விப்பட்டு உறவுப் பெண்கள் வாசலோடு நின்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை, அதை உங்களிடம் சொன்னதே நான்தான். குளிப்பாட்டியது மாடிப் பிள்ளைகள். லைனில் போடும் நீலக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு, ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஆறு பேர் வந்தார்கள். விரல் இடுக்கு ஒன்றுவிடாமல் துடைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ராத்தங்கலுக்கு இடம் கொடுத்த டீக்கடைக்காரர், வார்டு ஆயாக்கள், கார் ஓட்டி வந்த நண்பர், பதினாறு நாளும் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, தள்ளி நின்றாலும் போகாமல் நின்ற சொந்தங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குடும்பம் என்றால் இப்போது நான் ஒருவன்தான்.

கடைசி நன்றி முத்துச்செல்விக்கு. அம்மாவின் நோய் வீடு முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் அவர் போன மூன்றாம் நாளே எல்லோருக்கும் மறுபடி மருந்து போட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். இந்த முறை பட்டியலை முத்துச்செல்வி எழுதினாள். கீழ்வீட்டிலிருந்து ஆரம்பித்திருந்தாள். முதல் வரியில் "அம்மா" என்று இருந்தது. இரண்டாவது என் பெயர். அதன் கீழே ஆறு அறைகள். முதல் வரியை அடித்துவிடச் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

இருபத்தாறு பாட்டில் வந்தன. ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டார். இல்லை, எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றேன். அம்மாவின் பாட்டில் அலமாரியில் இருக்கிறது.