அத்தான் எடுத்த இன்சூரன்ஸ்

என் அத்தான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முடிகிறதா என்று வருகிறவர்களை எல்லாம் கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். கல்யாணப் பத்திரிகையில்கூட முதலில் அச்சகத்தின் பெயரைத்தான் பார்ப்பார். நான் அந்தக் கடையில் பில் போடுகிறேன். அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கடையிலும் அவர் முகம், வீட்டிலும் அவர் முகம். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அக்கா சொல்ல மாட்டாள், அவள் நல்லவள்.

ஐம்பதை நெருங்கும்போது டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்னார். அத்தான் குதிரை ஏறப் போனார். நடப்பது குதிரை, நன்மை மட்டும் இவருக்கா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஊரைத் தாண்டி ஒரு லாயம் இருந்தது. விடிகாலையில் அங்கே போய்விட்டுக் கடை திறக்கும் நேரத்துக்கு வருவார். உடம்பெல்லாம் குதிரை வாசனை. கொஞ்ச நாளில் ஒரு பழுப்புப் பெண் குதிரையை விலைக்கே வாங்கிவிட்டார். அதற்குத் தங்கம் என்று பெயர் வைத்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் அக்காவை அவர் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

லாயக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தன் இடத்தில் குதிரை கட்டுகிறவர்கள், அந்தக் குதிரையால் மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் ஈடு கொடுக்கும் இன்சூரன்ஸை எடுத்தே ஆக வேண்டும். வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி எடுப்பதில்லையா, அந்த மாதிரி. மற்றவர்கள் ஏஜென்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சவாரிக்குப் போனார்கள். அத்தான் மூன்று கம்பெனிகளின் காகிதங்களைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினார். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஒரு கம்பெனி, அவர் மேலே உட்கார்ந்து ஓட்டும்போது மட்டும்தான் பொறுப்பேற்கும். குதிரை கட்டுத்தறியில் நின்றபடி யாரையாவது உதைத்தால் அது அவர் பாடு. இன்னொரு கம்பெனி, நண்பர் யாராவது ஏறிப் போய் ஆள்மேல் மோதினால் கையை விரித்துவிடும். மூன்றாவதில் கட்டணம் கூடுதல். ஆனால் ஓடினாலும் நின்றாலும், கயிற்றை அறுத்துக்கொண்டு சாலையில் பாய்ந்தாலும், அவர் அனுமதியோடு யார் ஏறினாலும் அதில் பாதுகாப்பு உண்டு. இதோடு விட்டாரா? வேலிக்கு வெளியே நிற்கும் குழந்தை கேரட்டை நீட்டி, குதிரை விரலோடு சேர்த்துக் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். லாடம் அடிக்க வந்தவரை உதைத்தால் என்று மறுபடி போட்டார். ஒரு கட்டத்தில் அந்த மனிதர் இவர் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. மூன்றாவது கம்பெனியைத்தான் அத்தான் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல் லாயத்தில் எல்லாருக்கும் வகுப்பும் எடுத்தார். பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டு அதற்கே மாறினார்கள்.

மாறியவர்களில் ஒருவர் பார்லர்காரம்மா. எங்கள் கடைத்தெருவிலேயே பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருந்தார். வயதான வெள்ளைக் குதிரை ஒன்று அவருக்கு உண்டு. தன் குதிரையின் பிடரி மயிரை வெட்டிவிடும் கையோடு மற்றக் குதிரைகளுக்கும் காசு வாங்காமல் வெட்டிவிடுவார். அத்தானை அண்ணா என்று கூப்பிடுவார், மரியாதைக்காக இல்லை, உண்மையாகவே.

தங்கத்துக்கு ஒரு குணம் இருந்தது. பின்னால் யாராவது நெருங்கி வந்தால் காதை மடக்கும், பின்னங்காலைத் தூக்கும். ஒருநாள் வரிசையாகச் சவாரி போகும்போது பின்னால் வந்த குதிரையை உதைத்தேவிட்டது. குதிரைக்காரர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எல்லாரும் தள்ளிப் போவார்கள். லாயத்தில் யாரும் குதிரையின் முகத்தைப் பார்த்து நடப்பதில்லை, வாலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். பார்லர்காரம்மா இதை அத்தானிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அது சும்மா விளையாடுது என்று அத்தான் மழுப்பினார். கடைசியில் அந்தம்மாவே பார்லரிலிருந்து ரிப்பன் கொண்டுவந்து கட்டிவிட்டார். பெற்ற பிள்ளையை வாத்தியார் பெஞ்சுமேல் ஏற்றிய மாதிரி அத்தான் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் அவிழ்க்கவில்லை.

லாயத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுக் குதிரைகளைக் காட்டுவார்கள். அத்தான் எங்களை மட்டுமா கூப்பிட்டார்? கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைக் கூப்பிட்டார். நானும் அக்காவும் போய் இறங்கியபோது அவர் தங்கத்தின் வாலைச் சீவிக்கொண்டிருந்தார். ரிப்பனை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டதை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, வருகிறவர்கள் எல்லாம் அது என்ன அது என்ன என்று கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் என் குதிரை ரவுடி என்று சொல்லிக்கொண்டிருக்கவா என்றார். அதோடு தங்கத்தை அதன் வழக்கமான மூலையில் கட்டாமல், வாசலுக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி கட்டினார். அது வேறொரு பழுப்புக் குதிரை தினமும் நிற்கும் இடம். அந்தக் குதிரை பரம சாது. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பார்லர்காரம்மா தண்ணீர் வாளியோடு வந்தார். வாலில் ரிப்பன் இல்லை, இடமும் அந்தச் சாதுவின் இடம். எப்போதும் போல அதன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பின்னால் ஒட்டிக் கடந்தார். தங்கம் உதைத்தது. வாளி பறந்தது. அந்தம்மா வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தக்கூட இல்லை.

அத்தான் ஓடிவந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

“குரல் கொடுக்காம பின்னாடி ஏம்மா போனீங்க?”

அந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். நான் அந்த இடத்தில் நின்றிருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். லாயக்காரர் வண்டியை எடுக்க, அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலமே அத்தான் கம்பெனிக்குப் போன் போட்டார். அடிபட்டவரிடம் தப்பு நம்முடையது என்று ஒத்துக்கொள்ளக் கூடாது, பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, எதுவானாலும் கம்பெனி பேசிக்கொள்ளும் என்று அங்கே சொன்னார்களாம். அந்த நிபந்தனை பாலிசியிலும் இருந்தது, பொடி எழுத்தில். இவர் அதை எப்போதோ படித்து மனப்பாடமே செய்திருந்தார். போனை வைத்துவிட்டு அதை எங்களுக்கு ஒப்பித்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரிப்பனை யார் அவிழ்த்தது என்று கேட்டேன். சட்ட விஷயம், உனக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடு என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் அக்காவும் போனோம். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்கும் கை. அது பழையபடி வருமா வராதா என்று இப்போது சொல்ல முடியாதாம். அண்ணா வரலையா என்று அந்தம்மா கேட்டார். கடையில் கூட்டம் என்று அக்கா பொய் சொன்னாள். என் அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அத்தான் திருடன் மாதிரி வாழ ஆரம்பித்தார். லாயத்துக்குப் போகும் நேரத்தை மாற்றினார். கடைக்குப் போக நேர் வழியில் பார்லரைத் தாண்ட வேண்டும் என்று சுற்றி மார்க்கெட் வழியாகப் போனார். அந்தம்மா ஒருநாள் கட்டுப் போட்ட கையோடு எங்கள் கடைக்கு எதிரே நடந்து போனார். அத்தான் சட்டென்று குனிந்து, கீழே விழாத ஒரு ஸ்குரூவைத் தேட ஆரம்பித்துவிட்டார். போய்ட்டாங்க, எழுந்திருங்க என்று நான்தான் சொன்னேன். எழுந்தவர் என்னைப் பார்க்கவில்லை, காதெல்லாம் சிவந்திருந்தது. வெட்கப்படுகிறார் என்று தெரிந்தது. வெட்கப்பட்டு என்ன செய்ய? அந்தம்மா பார்லரில் வேலைக்கு வைத்திருந்த பெண் தனியாளாகத் திணறிக்கொண்டிருந்தாள். வந்த வாடிக்கையாளர்கள் வேறு இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். அமைதியான மனிதர். லாயத்து ஆபீஸ் அறையில் லாயக்காரரையும் அத்தானையும் உட்காரவைத்துப் பேசினார். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி என்னையும் அத்தான் கூட்டிப் போயிருந்தார். தனியாகப் போகப் பயம். அடிபட்டவரை ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்றார் அந்த மனிதர். அந்தம்மா யார்மீதும் குற்றம் சொல்லவில்லையாம். வாலில் ரிப்பன் இல்லை, வேறு குதிரை என்று நினைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாராம். விஷயம் இதுதான் என்று அவர் விளக்கினார். குதிரைக்கு உதைக்கும் பழக்கமே இல்லை, திடீரென்று மிரண்டு உதைத்தது என்றால் அது யார் தப்பும் இல்லை. கம்பெனி அடிபட்டவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. பழக்கம் இருந்தது, உரிமையாளர் அஜாக்கிரதையாக இருந்தார் என்றால்தான் உரிமையாளர் சார்பில் கம்பெனி ஈடு கொடுக்கும். அடிபட்டவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னோம், எங்களிடம் மறைக்கச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அத்தான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்த அந்த இன்சூரன்ஸ், அவர் தன் வாயால் என் தப்பு என்று சொன்னால்தான் அந்தம்மாவுக்குப் பயன்படும். பழக்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த வருஷக் கட்டணம் ஏறாது, குதிரைக்கும் கெட்ட பேர் இல்லை. லாயக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“பழக்கம் உண்டு சார். ரிப்பனை நான்தான் அவுத்தேன். இடத்தையும் நான்தான் மாத்திக் கட்டினேன்.”

மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தடுமாறாமல் சொன்னார். அந்த மனிதர் எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பார்லர்காரம்மாவின் சிகிச்சைச் செலவையும் வேலை கெட்ட நாட்களுக்கான ஈட்டையும் கம்பெனி கொடுத்துவிட்டது. லாயத்தில் அத்தானுக்கு ஏகப்பட்ட பாராட்டு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று ஒருவர் கடைக்கே வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அத்தான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடச் சொன்னார். பார்லர் வரைக்கும் கூட வர்றியா என்று கேட்டார். இந்தத் தடவை நேர் வழியிலேயே போனோம்.

கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பார்லர்காரம்மா கல்லாவில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து பாதிகூட அமுங்கவில்லை. பின்னால் அந்த வேலை பார்க்கும் பெண் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்தம்மா நாற்காலியைக் காட்டினார். அத்தான் உட்காரவில்லை.

என் தப்புதாம்மா என்று தொடங்கினார். மன்னிச்சிடுங்க என்றார். முன்னாலேயே வந்திருக்க வேண்டும், ஆனால் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், பாலிசியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று, கேட்காமலே அந்த வரியை எடுத்து ஒப்பிக்கவும் ஆரம்பித்துவிட்டார். அந்தம்மா பந்தை மேஜைமேல் வைத்தார்.

“ஒத்துக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, சரிண்ணா. எப்படி இருக்கேன்னு கேக்கக் கூடாதுன்னும் சொன்னாங்களா?”

அந்தப் பாலிசியில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று அத்தானுக்குத் தெரியும். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

“இல்லம்மா,” என்றார் கடைசியில். “வெக்கமா இருந்துச்சு. அதான் வரல.”

அந்தம்மா தன் கையைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

“எனக்கு வலிச்சுதுண்ணா.”