இடது பெருவிரல்

யுத்த காலத்தில் பட்டாபிராமில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கூலியாட்களைப் பதிவு செய்யும் குமாஸ்தாவாக இருந்தேன். எழுதத் தெரியாதவர்கள் இடது பெருவிரலால் கைநாட்டு வைக்க வேண்டும்.

எங்கள் சரக்கை இறக்கும்போது ரயில் பெட்டிக் கதவில் நசுங்கி இடது கையை இழந்தவர் ஒருவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் தினமும் பதிவு வரிசையின் கடைசியில் தனியாக நிற்பார். வெறும் சட்டைக் கையை மடித்து ஊக்கு மாட்டியிருப்பார்.

ஒருநாள் வலது கையை நீட்டினார். "இத்தால மூட்டை தூக்குவேன் சாமி. இந்த விரல வச்சிக்கோ."

"ரூல்படி இடதுதான்."

"பழைய புஸ்தகத்துல என் இடது விரல் கீதே. அதப் பாத்து சேத்துக்கோ."

"அது செல்லாது" என்றேன்.

மறுநாள் அவர் வரவில்லை. பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டி அவர் கைநாட்டைத் தேடி எடுத்தேன். அந்தக் கையில் மிஞ்சியது அந்த ரேகைதான். அதையும் நாங்களே வைத்துக்கொண்டிருந்தோம்.