அவன் எழுதிய விளையாட்டு, என் பெயரில்

முப்பது வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என் நண்பன் ஒரு விளையாட்டு எழுதினான். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பழைய விளையாட்டுகளைச் சேமிக்கும் இணையதளத்தில் இப்போது அது இருக்கிறது. வெளியான ஆண்டு 1980 என்று போட்டிருக்கிறது. அப்போது எங்களுக்கு எட்டு வயசு. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

ஆண்டுக்குக் காரணம் சென்டர் கம்ப்யூட்டரின் செத்துப்போன பேட்டரி; எப்போது போட்டாலும் அது 1980 என்றே காட்டும். பெயருக்குக் காரணம் நான். அவன் சாப்பிடப் போனபோது முதல் திரையில் அவன் பெயரை அழித்து என் பெயரை அடித்து வைத்தேன். பார்த்துச் சிரித்தான். "இருந்துட்டுப் போவட்டும்டா, நாளைக்கு மாத்திக்கலாம்." மாற்றவேயில்லை.

போன வருஷம் நீடாமங்கலத்தில் அவன் இறந்துபோனான். காரியம் முடிந்து அவன் மகள் போன் செய்தாள்.

"மாமா, அந்த சைட்ல அப்பா பேரு இல்லீங்களே?"

ஆளே இல்லாத அறையில் பயத்தில் எழுந்து நின்றேன். உடனே திருத்தம் அனுப்பினேன். பதற்றத்தில் அவன் பிறந்த தேதியை வெளியீட்டுத் தேதியாகப் போட்டுவிட்டு, அதையும் திருத்தி மறுபடி அனுப்பினேன். ஆண்டைச் சரிசெய்துவிட்டார்கள். பெயருக்கு மட்டும், எழுதியவர் அவரென்றால் அவரையே ஒரு வரி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா. சிரிச்சான்."

"அப்ப விடுங்க மாமா."

நான் விடவில்லை. திருடன் நான்தான் என்று அந்தத் தளத்துக்கு வாராவாரம் எழுதுகிறேன். ஒவ்வொரு பதிலும், அந்த விளையாட்டை உருவாக்கியதற்கு எனக்கு நன்றி சொல்லித்தான் தொடங்குகிறது.