கரடி இல்லாத காட்டில்

சிட்னிக்கு மேற்கே ஒரு பண்ணையில் முயல் வேட்டை. துப்பாக்கியோடு முன்னால் நடக்கிறார் யோகன் அண்ணா. இலங்கையின் வன்னிக் காட்டுப் பக்கம் பிறந்தவர், இப்போது சிட்னியின் பிளாக்டவுன்வாசி. சென்னையிலிருந்து வந்திருக்கும் நான் பின்னால் வேடிக்கை பார்த்தபடி நடக்கிறேன்.

இடுப்பளவு உயரமுள்ள கறையான் புற்று ஒன்றின் பக்கத்தில் முயல் மேய்கிறது. அண்ணா குறி பார்க்கவில்லை. நின்று, உரக்க இருமுகிறார். முயல் ஓடிவிடுகிறது.

“என்னண்ணா, நீங்களே விரட்டிட்டீங்க?”

“புத்துக்குப் பின்னால கறையான் தின்ன வந்த கரடி நிண்டா? சத்தம் கேட்டா விலகிப் போயிடும். திடீரெண்டு முன்னால போனா முகத்தைத்தான் பிய்க்கும்.”

“இந்த நாட்டுலதான் கரடியே கிடையாதே?”

“ஓம், தெரியும். என்ர தம்பிக்கு ஒரு கண் அப்பிடித்தான் போனது.”

கொஞ்ச தூரத்தில் இன்னொரு புற்று, இன்னொரு முயல். இந்தத் தடவை முதலில் இருமுவது நான்தான்.